அரக்கோணத்து அத்தை வீட்டுச் சுவர்

அரக்கோணத்தைப் பலரும் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். டீ வாங்க இறங்கி, ரயில் கிளம்பியதும் ஓடிவந்து ஏறியிருப்பார்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையில் இருக்கும் ஊர் இது. எனக்கோ அரக்கோணம் என்றால் சுவால்பேட்டையில் இருக்கும் அத்தை வீடுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தாத்தா கட்டிய வீடு.

போன மாசி மாதம் போனபோது, கூடத்துச் சுவரில் சும்மா கை வைத்தேன். அப்பளம் மாதிரி உரிந்து வந்தது பெயின்ட்.

“ஆவணியில பையன் கல்யாணத்துக்கு அடிச்சதுப்பா. சீட்டுப் பணம் மொத்தமும் போட்டேன். ஒரு மழைக்குத் தாங்கல” என்றார் அத்தை. பட்டி பார்த்து, பளபளவென்று விலை உயர்ந்த எமல்ஷன் அடித்திருந்தார்கள். இப்போது தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்து, மேலே கொப்புளம் கொப்புளமாக இருந்தது. சுரண்டிவிட்டு மறுபடியும் இரண்டு கோட் அடிக்கலாம் என்று யாரோ விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

நல்லவேளை, தெருக்கோடியில் இருந்த வயதான மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் பெயின்ட் டப்பாவைப் பார்க்கவே இல்லை. நேராகக் கொல்லைப்பக்கம் போனார். கல்யாணத்துக்காகப் போட்ட சிமென்ட் தளம் உயர்ந்து, மழைத்தண்ணீர் சுவரோரம் தேங்கியிருந்தது.

“ஓதம் ஏறுதும்மா. சுண்ணாம்புச் சுவரு ஈரத்தை இழுக்கும், வெளியவும் விடும். நீங்க மேல பிளாஸ்டிக் மாதிரி பெயின்ட்டைப் போட்டு மூடிட்டீங்க. தண்ணி எங்க போகும்? தள்ளிக்கிட்டுத்தான் வரும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “சுண்ணாம்பு எவ்வளவு நாள் நிக்கும்னு தெரியணும்னா காஞ்சிபுரம் போய்ப் பாருங்க சார்” என்றார்.

மறுநாள் செங்கல்பட்டு ரயிலில் ஏறிவிட்டேன். தக்கோலம், திருமால்பூர் தாண்டினால் காஞ்சிபுரம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலில், திருச்சுற்றைச் சுற்றிச் சின்னச் சின்னச் சன்னதிகள் இருக்கின்றன. சிலவற்றின் உட்சுவரில் இன்னும் ஓவியம் தெரிகிறது. கல்லின் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் வண்ணம். 1,300 வருடங்களாகிறது! பூச்சு நின்ற இடத்தில் ஓவியமும் நிற்கிறது. பூச்சு உதிர்ந்த இடத்தில், எப்பேர்ப்பட்ட கைவண்ணமாக இருந்தாலும், ஓவியமும் போய்விட்டது. அத்தை வீட்டுச் சுவருக்கும் அதே கதைதான் என்று அங்கே நின்றபோது புரிந்தது.

திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தோம். முதலில் கொல்லைத் தளத்தை உடைத்து, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் வைத்தோம். பெயின்ட்டையும் பட்டியையும் முழுக்கச் சுரண்டினோம். உப்பு பூத்த பூச்சைக் கொத்தியெடுத்து, புதிதாகச் சுண்ணாம்புச் சாந்து பூசி இழைத்தார் மேஸ்திரி. “சித்திரை வெயில் பாடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஈரம் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழியும் சொல்லியிருந்தார்: பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காயவில்லை.

வைகாசியில், நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பைத் தண்ணீர் மாதிரி கரைத்து, மெல்லிசாக மூன்று கை அடித்தார். பளபளப்பு இல்லை, சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி அடிக்கவும் வேண்டும். ஆனால் சுவர் மூச்சு விடுகிறது.

பின்னால் இருந்த சிமென்ட் அறைக்கு மட்டும் எமல்ஷன் அடித்தோம். புதுப் பூச்சென்றால் நன்றாக நனைத்து, ஒரு மாதமாவது காயவிட வேண்டும். பட்டியைக் கனமாக ஒரே தடவையில் அப்பாமல், மெல்லிசாக இரண்டு தடவை இழுக்க வேண்டும். உப்புத்தாள் தேய்த்தபின் இரவில் டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்தால், பகலில் ஒளிந்திருந்த மேடு பள்ளமெல்லாம் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்து, தூசியைத் துடைத்து, பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. சுவர் கொஞ்சம் முன்பின் இருந்தால் மேட் வகை வாங்குங்கள். பளபளப்பு குறையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பழைய ஜன்னல்களைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, தூளைத் துடைத்தெடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

ஐப்பசி அடைமழையில் அத்தை போன் செய்தார். “சுவரைத் தடவிப் பார்த்துட்டுத்தான் பேசறேன். கையில ஒண்ணும் வரலப்பா!”