அம்மம்மாவின் குளிசையும் ஹிஸ்டோன் கணக்கும்

அம்மம்மா குளிசையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்ததைப் போன மாதம்தான் கண்டுபிடித்தோம். இரத்தத் தட்டுகள் அளவுக்கு மிஞ்சிக் கூடினதால் எழுதிக் கொடுத்த ஹைட்ரொக்சியூரியா. ஏன் போடேல்லை என்று கேட்டோம்.

"உள்ள போய் என்ன செய்யுது எண்டு தெரியாத சாமானை நான் ஏன் விழுங்க? நீங்கள் ரெண்டு பேரும் உயிரியல் படிச்சனீங்கள்தானே, சொல்லுங்கோவன்."

"கலம் பிரியிறதைக் குறைக்கும், அம்மம்மா."

"எப்பிடி?"

முழிச்சோம். உயர்தரத்தில் ஹிஸ்டோன் எங்களுக்கு ஒற்றை வரி: டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதம். ரியூசனுக்கு அது காணும். கொழும்புத்துறையில் வலைநூலோடு வளர்ந்த மனுசிக்குக் காணாது. திரும்பப் படித்தோம்.

ஒரு கலத்துக்குள் ஏறக்குறைய 2 மீற்றர் டி.என்.ஏ. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு கட்டையில் 147 மூலச்சோடிகள் சுற்றியிருக்கும். கலம் பிரிய முன்னம், எஸ் அவத்தையில், நூல் இரட்டிக்கும். அந்தச் சில மணித்தியாலத்துக்குள் கட்டைகளும் இரட்டிக்க வேண்டும். குறைந்தால் நூல் சேதமாகும். மிஞ்சினால் கண்ட இடத்தில் ஒட்டி நஞ்சாகும். ஆகவே நூல் இரட்டிப்பைத் தொடக்கிவிடும் சைக்கிளின் ஈ - சிடிகே2 கூட்டே, என்பாற் என்ற புரதத்தின் வழியாக ஹிஸ்டோன் மரபணுக்களையும் எழுப்புகிறது.

நிறுத்துவதுதான் இன்னும் வடிவு. மற்றத் தூது ஆர்.என்.ஏ.க்களுக்கு நீளமான 'ஏ' வால் இருக்கும். இந்த ஹிஸ்டோன்களின் தூதுக்கு அது இல்லை. நுனியில் கொண்டை ஊசி மாதிரி ஒரு வளைவு. அதை எஸ்.எல்.பி.பி. என்ற புரதம் பிடித்திருக்கும். அவத்தை முடிய அந்தப் புரதமும் அழியும், தூதும் அழியும்.

ஹைட்ரொக்சியூரியா டி.என்.ஏ.க்கான மூலப்பொருள் உருவாவதைத் தடுக்கிறது. ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களுக்கு அதைக் கொடுத்தால், இரட்டிப்பு இடையில் நிற்கும். நின்ற கையோடு ஹிஸ்டோன் தூதும் குறைந்துவிடும். என்பு மச்சையில் இரத்தத் தட்டுகளை உண்டாக்கும் கலங்கள் பெருகுவதையும் இந்த மருந்து அப்பிடித்தான் மட்டுப்படுத்துகிறது.

இதை முற்றத்தில் இருந்து, பழைய வலைநூலைக் கையில் சுற்றிக்காட்டிச் சொன்னோம். அம்மம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நூல் வராட்டில், கட்டை செய்யிறவனையும் வீட்ட அனுப்பத்தானே வேணும். சும்மா செய்து குவிச்சால் ஆர் கால் வைக்கிறது?"

நாங்கள் ஒரு கிழமை படித்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பிறகு தண்ணி கேட்டார். அடுத்த கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. எண்ணிக்கை இறங்குமோ தெரியாது. தலையணைக்கு அடியில் இப்ப ஒண்டும் இல்லை.