சன்பிளவர் கவுண்ட்டியின் மானியமும் நம்ம ஊர் பட்டாவும்

பேனி லூ ஹேமரை நமக்கு வாக்குரிமைப் போராளியாகத்தான் தெரியும். 1962ல் வாக்காளராகப் பதியப் போன குற்றத்துக்காக, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றைக்கே விரட்டப்பட்டவர். அவர் ஊரில் அரசாங்க மானியம் யார் வீட்டுக்குப் போனது என்பதை நாம் பேசியதில்லை.

அது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சன்பிளவர் கவுண்ட்டி. நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி, முழுக்கப் பருத்திக் காடு. செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்டுக்கும் அங்கேதான் 5,000 ஏக்கருக்கு மேல் பண்ணை. சிவில் உரிமை மசோதாக்களைத் தன் நீதிக் குழுவில் முடக்கிப் போட்ட மனிதர். 1960களின் கடைசியில் அவர் குடும்பப் பண்ணைக்குப் பருத்தி மானியமாக ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கும் மேல் போனது. பருத்தி பறித்தவர்களுக்குக் கூலியோடு சரி. இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று பேசுகிறவர்கள் இந்த மாதிரிப் பணத்துக்கு அந்தப் பெயரை வைப்பதே இல்லை.

இதன் வேர் 1933ல் இருக்கிறது. பருத்தி விலை விழுந்ததால், சாகுபடியைக் குறைத்தால் காசு தருகிறோம் என்றது அரசு. காசோலை நிலக்காரர் பெயருக்கு வந்தது. வாரத்துக்கு உழுதவருக்கும் அதில் பங்கு உண்டு என்று விதி இருந்தது. ஆளையே வெளியேற்றிவிட்டால் பங்கு கேட்க யார் இருக்கிறார்? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் தெருவுக்கு வந்தன. மேற்பார்வை பார்க்க வேண்டிய உள்ளூர் கமிட்டிகளில் உட்கார்ந்திருந்ததும் வெள்ளை நிலக்காரர்கள்தான். ஊர்க் கூட்டத்தில் யார் நாற்காலியில், யார் தரையில் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பின்னாளில் கறுப்பின விவசாயிகள் வேளாண் துறையின் பாகுபாட்டை எதிர்த்து வழக்குப் போட்டு, 1999ல் சமரசத் தீர்வு கண்டார்கள். 100 கோடி டாலருக்கு மேல் பட்டுவாடா ஆனது. பெரிய வெற்றிதான். ஆனால் அது விவசாயம் செய்தவர்கள், செய்ய முயன்று கடனோ உதவியோ கேட்டவர்களுக்கானது. பிறர் நிலத்தில் கூலிக்குப் பறித்தவர் அந்தக் கணக்கிலும் வரவில்லை. ஹேமர் இதை முன்பே கண்டுகொண்டவர். 1969ல் 40 ஏக்கர் வாங்கிக் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். வளர்க்கப் பன்றி கொடுத்து, குட்டி போட்டதும் சிலவற்றைத் திரும்ப வாங்கி அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கும் ‘பன்றி வங்கி’யும் நடத்தினார். ஏழு எட்டு ஆண்டுகளில் பணமில்லாமல் அந்தப் பண்ணை மூடப்பட்டது.

இங்கே 2019ல் வந்த பிஎம் கிசான் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. பெயரில் நிலம் இருக்க வேண்டும். குத்தகைக்கு உழுகிறவருக்கு இல்லை, நாற்று நடுகிற அம்மாவுக்கும் இல்லை. சேரியில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தபோது, எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ‘பட்டா எண்’ என்ற கட்டத்திலேயே எழுந்து போனார்கள். எல்லாரும் வயலில் இருந்து வந்தவர்கள். தொகையைக் கூட்டச் சொல்லி விவசாயச் சங்கங்கள் கேட்கின்றன, கேட்கட்டும். விவசாயி யார் என்ற வரையறையில்தான் நாம் கை வைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1892 முதல் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தில் எவ்வளவோ இன்று பிறர் பெயரில் பட்டாவாகிக் கிடக்கிறது. பட்டா இருக்கும் பெயருக்குத்தானே தவணையும் ஏறும்? பயனாளிகள் பட்டியல் கிராம வாரியாகத் திட்டத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. கிராம ‘அ’ பதிவேட்டில் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களை எடுங்கள், இப்போதைய பட்டாவைப் பாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் ஊரில் தொடங்கினால் எழுதுங்கள், நாங்களும் வருகிறோம்.