பாட்டனார் நட்ட பேரிமரம்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் தாய்மாமன் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வில்லம் ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கோடைக்கானலில், மூடுபனி வந்து தங்கிச் செல்லும் ஒரு சரிவில் உளது. அதன் கொல்லையில் எம் பாட்டனார் தம் கையால் நட்ட பேரிமரம் ஒன்று நிற்கின்றது. அடிமுதல் கிளைநுனிவரை அதனைப் பாசி போர்த்திருந்தது. கிளைகள் பல இலையின்றிக் காய்ந்திருந்தன. "பாசி உறிஞ்சியே மரத்தைக் கொன்றுவிட்டது, வெட்டிவிடுவோம்" என்றார் மாமா. பாட்டியார் ஒன்றும் கூறாது உள்ளே சென்றுவிட்டார்.

யாம் மன்றாடி ஓராண்டுத் தவணை பெற்றோம். பெற்ற அன்றே அரிவாள் கொண்டு மரத்தைச் சுரண்டத் தொடங்கியது எம் பேதைமை. பாசியோடு பட்டையும் உரிந்து வீழ்ந்தது. அங்ஙனம் புண்பட்ட கிளையொன்று பின்னர்ப் பட்டே போயிற்று. அப்பழியைப் பாசியின்மேற் சுமத்த எமக்கு நாவெழவில்லை.

கல்லூரி திறந்ததும் தாவரநூல் ஆசிரியரிடம் நிகழ்ந்ததனைக் கூறினோம். அவர் நகைத்து, "புல்லுருவியையும் பாசியையும் ஒன்றெனக் கருதினாயோ, தம்பி?" என்றார். புல்லுருவி மரத்தினுள் வேர்போன்ற உறுப்பைச் செலுத்தி நீரைக் கவர்வது. பாசிக்கோ உண்மை வேரே இல்லை. மெல்லிய இழைகளாற் பட்டையைப் பற்றிக்கொண்டு, மழையிலும் பனியிலும் வரும் நீரை இலைகளாலேயே பருகித் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. ஈரமும் நிழலும் உள்ளவிடத்து நலமுள்ள மரத்திலும் அது வளரும். மரம் நலிந்து அதன் வளர்ச்சி குன்றுமிடத்து இன்னும் செழிக்கும். யாம் விளைவைக் காரணமாகக் கொண்டு மயங்கியிருந்தோம்!

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மீண்டும் மலையேறினோம். சுரண்டிய இடங்களிற் பாசி மறுபடியும் தளிர்த்திருந்தது. கிணற்றுப் பாசியைப் பசலைக்கு உவமையாக்கிய குறுந்தொகைப் புலவர் அதனை எத்துணை நுணுகி நோக்கியிருத்தல் வேண்டும் என எண்ணிக்கொண்டோம். இம்முறை அரிவாளைத் தொட்டிலோம். மரம் இலையுதிர்த்து உறங்கும் காலமாதலின், காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று உராய்ந்தவற்றையும் வாளால் அறுத்தோம். அருகே கவிந்து நின்ற சீகைமரத்தின் இரு பெருங்கிளைகளை மாமாவே வெட்டித் தந்தார். வெயிலும் காற்றும் உட்புகுந்தன. அடியில் தேங்கிய நீர் வடிய ஒரு வாய்க்கால் கீறித் தொழுவுரம் இட்டோம். மழையில் ஊறிய பாசி எளிதிற் கழலுமாதலின், கனத்துத் தொங்கியதனை மட்டும் தேங்காய் நாரினால் மெல்லத் தேய்த்து நீக்கினோம். துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்தோக் கலவையும் பாசியை ஒடுக்குமாம். 1885இல் மில்லார்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் கொடிமுந்திரி நோய்க்கென வெளியிட்ட மருந்து அது. மரத்தடியிற் பாட்டியார் கீரை பயிரிட்டிருந்தமையின் யாம் அதனைத் தெளிக்கவில்லை. வடபுறத்துப் பாசியை அப்படியே விட்டுவிட்டோம். அது யாரை என்ன செய்தது?

இவ்வாண்டு மே மாதத்திற் சென்று பார்த்தோம். புதுத் தளிர்களினூடே பிஞ்சுகள் இருபத்து மூன்று எண்ணினோம். இருபத்தைந்து என்று பாட்டியார் சாதித்தார். மாமா கோடரியைப்பற்றிப் பேசவே இல்லை. வாய்க்காலை இன்னும் சிறிது ஆழமாக்க மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.