அரசாணையும் அகச்சான்றும்

செங்கற்பட்டிற்கு அணித்தாயுள்ள வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்றுண்டு. அதனை எடுப்பித்தவன் கந்தசேனன். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு அவன் தந்தையை அப்பல்லவ வேந்தனின் ‘அடியான்’ என்று கூறுகின்றது. செய்யுளியற்றும் எளியேனுக்கு அச்சொல் நெஞ்சில் தைத்தது. ஆள்வோர்க்கு அடியானாகி மேடைதோறும் அவர் புகழ் பாடுவோர் இக்காலப் புலவருள்ளும் உளரன்றோ?

அச்சொல்லைச் சிவபிரான் ஒருவனுக்கே உரியதாக்கியவர் திருநாவுக்கரசு அடிகள். சேக்கிழார் பெருமான் அரசன் பெயரை விளம்பாது பல்லவன் என்றே குறித்தனராயினும், அவன் திருவதிகையில் எடுத்த குணபரவீச்சரத்தைக்கொண்டு, குணபரன் என்னும் விருதுடைய மகேந்திரனே அவன் என்பர் அறிஞர். அடிகள் சமணத்தினின்று மீண்டது தம் நெஞ்சு கண்ட முடிபால்; அதற்கு அரசன் விடை கேட்டு ஆளனுப்பினான். அவன் ஆணை தம்மேற் செல்லாதென மறுமாற்றத் திருத்தாண்டகத்தால் அடிகள் விளக்கினார். இதனைப் போற்றும் நம்மனோர் அடுத்த நிகழ்ச்சியை விரைந்து கடந்துவிடுகின்றனர். வந்த அமைச்சர் அடிவீழ்ந்து வேண்ட, அடிகள் இசைந்து உடன்சென்றார். ஆணைக்கு அசையாதவர் வேண்டுகோளுக்கு அசைந்தார்! நீற்றறை, நஞ்சு, யானை, கல்லொடு கடல் ஆகிய எதற்கும் ஓடி ஒளித்தாரல்லர், படை திரட்டினாருமல்லர். அவர் ஏந்திய கருவி உழவாரம் ஒன்றே. ஊரறியத் திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியதே அவர்தம் பொதுவாழ்வு.

இனி, மாமல்லபுரத்துக் கணேச இரதத்தினும் தருமராச மண்டபத்தினும் உள்ள வடமொழிச் சாசனங்களை நோக்குக. உருத்திரன் உள்ளத்தில் உறையப் பெறாதாரை அவை சபிக்கின்றன. நம் கடவுள் பெயரால் எழுந்தமையின் அன்பர் சிலர் அதுகண்டு மகிழ்வர். எனக்கோ நீற்றறையே நினைவில் எழுந்தது. ஒருவன் உள்ளத்தில் உறைவார் யாவர் என்று அரசு உசாவுமாயின், அது நமக்கு இசைவாக உசாவினும், நாவரசரை நோக்கி எழுந்த அப்பழைய வினாவேயாம். சைவனான பின்னர்ப் பல்லவன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துக் கொணர்ந்தவற்றால் குணபரவீச்சரம் எடுத்தான் எனப் புராணம் கூறும். அடிகள் அதனை வேண்டினார் எனச் சேக்கிழார் கூறிற்றிலர். அவ்வாறு கூறாமையை யான் பெரிதாக மதிக்கின்றேன். நீற்றறையிற் புகுந்தவர்க்கு இருந்த அகச்சான்றின் உரிமை, இடிபட்ட பள்ளியில் வாழ்ந்தார்க்கும் இருந்ததன்றோ? 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு அவ்வுரிமையை, பொது ஒழுங்கு முதலியவற்றிற்கு உட்படுத்தி, எல்லார்க்கும் ஒப்ப வழங்குகின்றது.

கடற்கரையில் உடன்வந்த அன்பரொருவர், “சாசனத்தில் உள்ளது பத்தியின் மிகுதி, அதில் அரசியல் இல்லை, ஐயா” என்றார். “பத்தியாயின் அதனைக் கல்லில் வெட்ட அரசன் உளி எற்றுக்கு?” என்றேன். அவர் இன்னும் உடன்பட்டிலர்.