மருந்து யார் கைக்கு வரும்?

போர்ச் செய்தி வரும்போதெல்லாம் கோவையில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்கள் கேட்பார்கள்: "அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா தோழர்?"

பொட்டாசியம் அயோடைடு தைராய்டை மட்டும்தான் காக்கும்; அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும். அணு உலை வெடித்தால் உதவும். கூடங்குளம் இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கோவையில் கதிரியக்கப் பொருள் இருப்பது புற்றுநோய் மருத்துவமனைகளிலும், வார்ப்புகளைச் சோதிக்கும் காமா கருவிகளிலும்தான். அப்படியொரு கருவி கவனிப்பாரின்றிக் கைவிடப்பட்டால் கடைசியில் போய்ச் சேருவது பழைய இரும்புக் கடைக்கு.

2010இல் டெல்லியில் அதுதான் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த காமா கருவியை ஏலம் விட்டது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதை உடைத்தவர்களுக்கு உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாது. ஒரு தொழிலாளி இறந்தார். அயோடின் மாத்திரை அவரைக் காப்பாற்றியிருக்காது. 1987இல் பிரேசிலின் கோயானியாவிலும் பழைய இரும்பு தேடிப் போனவர்களே சீசியம்-137 கருவியை உடைத்தார்கள். 4 பேர் இறந்தார்கள். 46 பேருக்குப் 'பிரஷ்யன் புளூ' கொடுத்து உடலிலிருந்து சீசியத்தை வெளியேற்றினார்கள்.

இத்தகைய மருந்துகளை அரசுகள் கையிருப்பில் வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் புதிய பட்டியல் வெளியிட்டது. நல்லது. ஆனால் கிடங்கில் இருக்கும் மருந்து சேரிக்கு வந்து சேருமா? 2004 சுனாமியில் நாகப்பட்டினத்துத் தலித் மக்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது.

கொங்கு மண்டலத்தில் குப்பை அள்ளுவோரில் பெரும்பாலோர் அருந்ததியர். நாங்கள் போய்ப் பேசிய குப்பை பிரிக்கும் கொட்டகைகளில் அக்காமார்களுக்குக் கையுறைகூட இல்லை. மூன்று இதழ் போட்ட கதிரியக்கக் குறியைக் காட்டினோம். ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. ஆபத்தை முதலில் தொடப்போவது அந்தக் கைகள்தான்.

எனவே மருந்துக் கடைக்குப் போகும் முன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட நிர்வாகத்துக்கு மூன்று கேள்விகள் அனுப்புங்கள். கதிரியக்க விபத்துக்கான மருந்துகள் எந்த அரசு மருத்துவமனையில், எவ்வளவு இருக்கின்றன? ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களும் பழைய இரும்புக் கடைத் தொழிலாளர்களும் மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் இருக்கிறார்களா? அந்தக் குறியை அவர்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிக்கொடுப்பது யார் பொறுப்பு?

பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைகளுக்குப் போவோம்.