ஒரே வால், வேறு வேறு பிள்ளைகள்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 1972 முதல் 1996 வரை தலைவராக இருந்த ஜே. ஒய். பிள்ளை கிள்ளானில் பிறந்தவர். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளை டர்பன்காரர். இரண்டு பேரும் சொந்தமா என்று செர்காம் காப்பிக் கடையில் ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேனே தவிர, கேள்வி என்னை விடவில்லை. என் ஐசியில் (அடையாள அட்டையில்) என் பெயர், மலாயில் மகன் என்று பொருள்படும் 'அனாக் லெலாகி', அப்பா பெயர், அவ்வளவுதான். எங்கள் தோட்ட லயத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. பின்னே அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

பக்கத்திலிருந்தே தொடங்கினேன். மலாக்கா காஜா பெராங்கில் கம்போங் செட்டி இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் சுல்தான் காலத்துத் தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்; வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது சரோங் கெபாயா. ஆனால் 1781இல் டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை இன்றும் விடவில்லை, பிள்ளை, நாயக்கர், ராஜா, செட்டி என்ற பெயர்களையும் விடவில்லை. தமிழ் போயிற்று, வால் நின்றது. எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு சிங்கப்பூர் போன நாராயண பிள்ளை அங்கே மாரியம்மன் கோயிலைத் தொடங்கினார். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை 1873இல் தொடங்கியவர் தம்புசாமி பிள்ளை. இவர்கள் பிள்ளை என்ற பட்டத்தோடு வாழ்ந்தவர்கள். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட பிறகு கங்காணி கூட்டிவந்த சனங்களின் கதை வேறு. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், கிராணி எழுதியது ஒற்றைப் பெயர். ரப்பர் பால் வெட்ட வந்த பலருக்கு, விட்டுவிட்டு வர ஊரிலும் பட்டம் இருந்ததில்லை. இதை நம் ஆட்கள் சபையில் பேசமாட்டார்கள்.

அந்தப் பட்டத்தை வைத்துச் சாதி சொல்லிவிட முடியுமா என்றால், ஊரிலேயே முடியாது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். 'செம்மீன்' எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளை நாயர். யாழ்ப்பாணத்தில் அது பெயரோடே ஒட்டிக்கொண்டுவிடும்: பழைய ஏடுகளைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை போல.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இன்னொரு கூத்து. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் சந்ததிக்குப் பதிவேடு சர்னேம் கேட்டது. சிலருக்குப் பட்டம் நின்றது, சிலருக்குத் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராயிற்று. அதனால்தான் அங்கே பிள்ளை, நாயுடு, கவுண்டருக்குப் பக்கத்திலேயே முனுசாமியும் பெருமாளும் சர்னேமாக நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானித்தார்கள். கப்பல் ஓட்டிய சிதம்பரம் பிள்ளையின் பெயரைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் வைத்தபோது, பிள்ளை போய் வ.உ. சிதம்பரனார் ஆகிவிட்டார்.

ஆக, பெயரின் வால் நீள்வதும் குறைவதும் சாதியின் கையில் மட்டும் இல்லை. எந்த சர்க்கார் எந்தப் பாரத்தை நீட்டியது என்பதிலும் இருக்கிறது. எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி மெல்பர்னில் குடியேறினாள். சர்னேம் கட்டத்தில் அப்பா பெயரை எழுதினாள். அவள் பிள்ளைகளுக்கும் பள்ளியில் அதுவே பதிவாகியிருக்கிறது. ஆயுசு முழுக்கப் பால் வெட்டிய மனிதரின் பெயர் அங்கே ஒரு குடும்பத்துக்குப் பெயராகிவிட்டது.