கொசுவுக்கு வைரஸ் கொடுத்தது யார்?

நோய் பரப்பும் எதிரி என்று கொசுவை எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலான கொசுக்கள் பிறக்கும்போது அவற்றிடம் டெங்கு வைரஸ் இருப்பதில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது? காய்ச்சலில் படுத்திருக்கும் மனிதனின் ரத்தத்திலிருந்துதான்!

ஆண் கொசு ரத்தம் குடிப்பதில்லை. முட்டை உருவாகப் புரதம் தேவைப்படுவதால் பெண் கொசுதான் கடிக்கிறது. ஒருவரைக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்துவது போலத்தான் கொசுவும் நோயைப் பரப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் எய்ட்ஸும் கொசுவால் பரவ வேண்டுமே! எச்.ஐ.வி. கொசுவின் உடலில் பெருக முடியாது. ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப் போகிறது.

டெங்கு வைரஸ் அப்படியல்ல. கொசுவின் குடல் செல்களுக்குள் நுழைந்து பெருகி, உடலெங்கும் பரவி, கடைசியில் எச்சில் சுரப்பிக்கு வந்து சேருகிறது. இதற்குப் பொதுவாக 8 முதல் 12 நாட்கள் ஆகும். அதன்பின் ரத்தம் உறையாமலிருக்கக் கொசு எச்சிலைச் செலுத்தும்போது வைரஸும் உள்ளே போகிறது. சாகும்வரை அந்தக் கொசு நோயைப் பரப்பும்.

இந்த நாள் கணக்கு தெரியாமல் தவித்தவர் கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்று 1881-லேயே சொன்னார். ஆனால் நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாட்களிலேயே மற்றவர்களைக் கடிக்க விட்டதால் அவரால் தெளிவாக நிரூபிக்க முடியவில்லை. சுமார் 20 ஆண்டுகள் பெரும்பாலோர் அவரை நம்பவில்லை.

1900-ல் வால்டர் ரீட் தலைமையில் அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு கியூபா வந்தது. கொசு முட்டைகளை அவர்களுக்குக் கொடுத்தவரே ஃபின்லேதான். 12 நாட்களுக்கு முன் நோயாளியைக் கடித்திருந்த ஒரு கொசுவை, குழுவிலிருந்த ஜேம்ஸ் கரோல் ஆகஸ்ட் 27-ல் தன் கையைக் கடிக்க விட்டார். கடும் காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். அவருடைய சக மருத்துவர் ஜெஸ்ஸி லாசியர் பிழைக்கவில்லை. கொசுக்கடியால் மஞ்சள் காய்ச்சல் வந்து செப்டம்பர் 25-ல் இறந்தார். வயது 34.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்பிய அதே ஏடிஸ் எஜிப்தி கொசுதான் டெங்குவையும் பரப்புகிறது. அது கடிப்பது பெரும்பாலும் பகலில். வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்தால் மற்றவர்கள் கொசுவத்தி ஏற்றிக்கொண்டால் மட்டும் போதாது. முதலில் கொசுவலை கட்ட வேண்டியது நோயாளிக்குத்தான், அதுவும் பகலிலேயே! அவரைக் கடிக்காத கொசுவுக்கு அவரிடமிருந்து வைரஸ் கிடைக்காது; அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் போகாது.